பஸ் போய்விடும் என்று ஓடி வருகிறாள் நம் மகள், பத்துப் புள்ளியை விட்டுவிட்டு!

பெற்றோர்களே,

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் நாளில் ஈப்போவில் எந்தப் பெண்கள் இடைநிலைப்பள்ளிக்கு முன்னால் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். வேலியில் பேனர் கட்டியிருப்பார்கள். இத்தனை பேருக்கு எல்லாப் பாடத்திலும் ஏ, மாநில அளவில் வலைப்பந்து, தேசிய அளவில் விவாதம், அணிநடைப் போட்டியில் முதல் பரிசு என்று படங்களோடு போட்டிருப்பார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அந்தப் படங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நம் பிள்ளைகள் என்றால் டாக்டர் வீட்டுப் பிள்ளையையும் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையையும் சொல்லவில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். புந்தோங்கிலிருந்தும் செம்மோரிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் விடியற்காலை ஐந்தரைக்கு வேன் ஏறி வருகிற பிள்ளைகளைக் கேட்கிறேன். பால் வெட்டிய பாட்டிக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளைகளைக் கேட்கிறேன். எத்தனை பேர்?

எந்த ஒரு பள்ளியையும் குறி வைத்து இதை எழுதவில்லை. கேள்வி எல்லாப் பள்ளிக்கும் பொது. நமக்கும் பொது.

முதலில் கணக்கு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது 90 விழுக்காடு பாடத் தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மெட்ரிகுலேஷனுக்கும் அதே கணக்குதான். “பத்துதானே, தொண்ணூறைப் பார்ப்போம்” என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எஸ்.டி.பி.எம். முடித்த இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி 3.67 எடுத்திருக்கிறாள். அதை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 82.58. புறப்பாடத்தில் அவளுக்கு 4 புள்ளி. மொத்தம் 86.58. இன்னொருத்தி படிப்பில் கொஞ்சம் பின்னால்தான், 3.50. கணக்குப் போட்டால் 78.75. ஆனால் அவள் படிவம் ஒன்றிலிருந்தே சீருடை இயக்கத்தில் இருந்தாள், மாநிலம் வரை போய் விளையாடினாள். அவளுக்குப் புறப்பாடத்தில் 9. மொத்தம் 87.75. படிப்பில் முன்னால் நின்றவள் பட்டியலில் பின்னால் போய்விட்டாள். ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் சட்டமும் மருத்துவமும் கைநழுவிப் போகிற இடம் அது.

இந்தப் புள்ளி எப்படி வருகிறது? ஒவ்வொரு மாணவியும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு என மூன்றில் சேர வேண்டும். எத்தனை கூட்டத்துக்கு வந்தாள், என்ன பதவி வகித்தாள், எந்த அளவில் போட்டியிட்டாள், என்ன பரிசு பெற்றாள் என்று ஆசிரியர் பதிவு செய்கிறார். பி.ஏ.ஜே.எஸ்.கே. என்று பள்ளியில் சொல்வது இதைத்தான். பள்ளியோடு நின்றால் ஒரு கணக்கு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏற ஏறப் புள்ளியும் ஏறும். தலைவி, செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குத் தனிக் கணக்கு. இந்தப் பதவிகள் படிவம் நான்கில் வானத்திலிருந்து விழுவதில்லை. படிவம் ஒன்றிலும் இரண்டிலும் யார் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தார்களோ அவர்களுக்குத்தான் போகும்.

நம் பிள்ளை ஏன் வரவில்லை? மதியம் பள்ளி முடிந்ததும் பள்ளி பஸ் கிளம்பிவிடுகிறது. புறப்பாட நடவடிக்கை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். காரில் வந்து அழைத்துப் போக ஆள் உள்ள பிள்ளை இருக்கிறாள். செம்மோர் போக வேண்டியவள், பெயர் கொடுத்துவிட்டு, “டீச்சர், பஸ் போய்விடும்” என்று ஓடுகிறாள். வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று விழுகிறது. ஆசிரியரைக் கேட்டால் “இந்தியப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை” என்பார். ஆர்வம் இல்லையா, பஸ் இல்லையா?

அடுத்தது காசு. 2023 முதல் அரசாங்கம் எல்லா மாணவருக்கும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி கொடுக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் பள்ளிச் சட்டை, காலணி, புத்தகப்பை வாங்கியபின் அதில் எவ்வளவு மிச்சம்? சாரணியர் உடுப்பு, தொப்பி, பெல்ட், பூட்ஸ், பட்டை எல்லாம் வேறு கணக்கு. முகாம் கட்டணம் தனி, போட்டிக்குப் போகும் வேன் காசு தனி. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்தச் சீருடை இயக்கத்தில் சேருவது என்று பிள்ளை முடிவு செய்வதில்லை. எது மலிவோ அதுதான் முடிவு செய்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பள்ளிக்கு டத்தோ யாராவது வருகிறார் என்றால் நம் பிள்ளைகளைத் தேடுவார்கள். சேலை கட்டிப் பன்னீர் தெளிக்க, மாலையைத் தட்டில் ஏந்தி நிற்க, மேடையில் ஒரு நடனம் ஆட. இரண்டு வாரம் பாடத்தை விட்டு ஒத்திகை பார்ப்பாள். உடுப்பு வாடகை நம் காசு. ஆடி முடித்ததும் ஒரு பொட்டலம் நாசி லெமாக். அந்த இரண்டு வார உழைப்பு அவளுடைய பதிவில் ஏறியதா? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் பதிவதுமில்லை. கலாச்சாரம் காட்ட மட்டும் நாம் வேண்டும், கணக்கில் ஏற்ற வேண்டாமா?

நம் பெண்களால் முடியாது என்று யாராவது சொன்னால் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணியின் பெயரைச் சொல்லுங்கள். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் தங்கப் பதக்கங்கள் வென்றார். 1966-இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைக் கொடுக்கத் தொடங்கியபோது அது முதலில் அவருக்குத்தான் போனது. அவர் நம் பேராக்கின் தமிழ்ப்பெண்! அதற்குப் பிறகு அறுபது ஆண்டு ஓடிவிட்டது. 2023-இல் கம்போடியாவில் அதே 400 மீட்டரில் தங்கம் வென்றவர் ஈப்போவின் ஷெரீன் சாம்சன் வல்லபாய். அவருடைய அப்பா, அம்மா இருவருமே தேசிய ஓட்டக்காரர்களாக இருந்தவர்கள். வீட்டிலேயே வழிகாட்டி இருந்தார்கள், அவரும் உழைத்தார், ஓடினார். வழிகாட்ட ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வழி காட்ட வேண்டியது பள்ளிதானே? பள்ளி என்று ஒன்று பிறகு எதற்கு?

தோட்டத்துக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் துரை ஒரு பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. துரைமார்கள் வைத்தார்கள். கொட்டகையில், கோயிலில், சில இடத்தில் கிராணியே வாத்தியார். ஈப்போ பட்டணத்தில் 1895-இல் ஆங்கிலோ சீனப் பள்ளி வந்தது. 1907-இல் கன்னிமார்கள் பெண்களுக்குக் கான்வென்ட் திறந்தார்கள். லயத்துப் பெண் பிள்ளைக்கு அதெல்லாம் வேறு உலகம். அவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. எல்பில், டோவன்பி, ஸ்ட்ராதிஸ்லா என்று தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ மிஞ்சியிருக்கிறது. நாம் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தமிழ் இடைநிலைப்பள்ளி இந்த நாட்டில் கிடையாது. ஆகவே இன்று நம் பெண் அந்தப் பட்டணத்துப் பள்ளிகளுக்குள் போய்விட்டாள். உள்ளே போனவளை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது இந்தப் பத்துப் புள்ளி.

இப்போது உங்களிடம் நேராகப் பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, அம்மா. பஸ்ஸுக்கும் காசுக்கும் அரசாங்கத்தைக் கேட்போம். ஆனால் “பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஓட்டப்பந்தயம்?” என்று சொன்னது அரசாங்கம் இல்லை. “முகாமுக்கெல்லாம் போகக்கூடாது, ஊர் என்ன சொல்லும்” என்று அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தது தலைமையாசிரியர் இல்லை. அண்ணன் மாலையில் பந்து விளையாடப் போகலாம். அதே மாலையில் தங்கை வந்து அரிசி களைந்து, தம்பியைக் குளிப்பாட்ட வேண்டும். அம்மா ஷிப்டில் இருக்கிறாள், வேறு வழி இல்லை, தெரியும். ஆனால் வாரத்தில் ஒரு நாள், புறப்பாட நாள் மட்டும், அந்த அரிசியை அண்ணன் களையட்டுமே!

சங்கங்களும் கட்சிகளும்கூட இதில் தப்ப முடியாது. ஆண்டுதோறும் சிறந்த மாணவர்களுக்குப் பாராட்டு விழா. எட்டு ஏ, ஒன்பது ஏ என்றால் மாலை, உறை, படம். பத்து உறையைக் குறைத்தால் ஒரு தாமானிலிருந்து ஒரு வேன் வாரம் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு ஓடும். குண்டு எறிதலில் மாநிலப் பதக்கம் வாங்கிய பிள்ளையை எந்த மேடையில் ஏற்றினீர்கள்? ஜெயித்த பிறகு தோளில் கை போட்டுப் படம் எடுப்பதற்குப் பெயர் உதவியா?

அரசாங்கத்துக்கு வருவோம். மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும். 2018-இல் ஆட்சி மாறியது, நாமும் ஓட்டுப் போட்டு மாற்றினோம். 2019 ஏப்ரலில் இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தினார்கள். 90க்கு 10 அப்படியே இருந்தது. நாற்பதாயிரத்தில் நாலாயிரம், அதில் சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும் அடக்கம். 2024-இல் பிரதமர் அன்வார், பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தால் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். நல்லது. ஆனால் பத்து ஏ வாங்கப் பத்துப் பாடம் எடுத்திருக்க வேண்டும். அறிவியல் பிரிவில் படிக்கும் நம் பிள்ளையின் பாடங்களை விரல் விட்டு எண்ணுங்கள்: மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பதுதான்! பத்தாவது எங்கிருந்து வரும்? தமிழிலிருந்துதான் வர வேண்டும். “தமிழ் கஷ்டம், ஏ கிடைக்காது, விட்டுவிடு” என்று புத்தி சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்தப்போவதாகச் சொன்னபோது நம் சமுதாயம் எழுப்பிய கூச்சல் வீணாகவில்லை. பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று இறங்கி வந்தார்கள். தமிழும் தமிழ் இலக்கியமும் தப்பித்தன.

பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை என்கிறார்களா? 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது: தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். ஒரு வகுப்பில் பதினைந்து பேர் இல்லை, பள்ளி முழுவதிலும் பதினைந்து பேர். ஈப்போவில் எந்தப் பெண்கள் பள்ளியில் பதினைந்து தமிழ்ப் பெற்றோர் கிடைக்கமாட்டார்கள்? தமிழ் வகுப்பு வந்துவிட்டால் தமிழ்மொழிக் கழகம் தானாக வரும். கழகம் வந்தால் தலைவி, செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் வரும். பேச்சுப் போட்டியும் கவிதைப் போட்டியும் வரும். நம் பிள்ளை மற்ற கழகங்களில் கடைசி வரிசையில் நிற்கத் தேவையில்லை.

2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. கழகங்களிலும் இயக்கங்களிலும் பெயர் எழுதுவது ஆண்டின் முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்களில் மகளிடம் கேளுங்கள்: எந்த இயக்கம், எந்தக் கழகம், எந்த விளையாட்டு, என்றைக்குக் கூட்டம்? அவளுடைய புறப்பாடப் பதிவை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை. வெளியில் கோயிலோ இளைஞர் மன்றமோ நடத்திய போட்டியில் பரிசு வாங்கியிருந்தால், அது கணக்கில் சேருமா, அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். டத்தோவுக்கு ஆடிய நடனத்தையும் கேளுங்கள். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மழையில் ஒழுகும் அலமாரிக்கு மேலே வைக்காதீர்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்துக்குப் போங்கள். மலாயில் பேச வராது என்று கூச்சப்பட வேண்டாம், மகளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். ஒரே ஒரு கோரிக்கை போதும்: புறப்பாட நாளில் பள்ளி பஸ் மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது முறை ஓட வேண்டும், அதற்கான செலவைச் சங்க நிதி ஏற்க வேண்டும். அந்த பஸ் நமக்கு மட்டும் ஓடாது. கம்போங்கிலிருந்து வரும் மலாய்ப் பிள்ளையும் புதுக்கிராமத்துச் சீனப் பிள்ளையும் அதே மதிய பஸ்ஸுக்குத்தான் ஓடுகிறார்கள். அவர்களுடைய பெற்றோரிடமும் பேசி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள்.