வரட்சியில் ஆற்றை நிரப்பும் மருந்துக் கழிவு

நாம் விழுங்கும் குளிசை முழுவதும் உடம்பில் கரைந்துவிடுவதில்லை. ஒரு பகுதி சிறுநீருடன் வெளியேறி, வடிகான் வழியாக ஆற்றைச் சேர்கிறது. 104 நாடுகளின் 258 ஆறுகளில் யோர்க் பல்கலைக்கழகம் தலைமையில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. நீர்மாதிரி எடுத்த இடங்களில் சுமார் கால்வாசியில், ஒரு மருந்தாவது பாதுகாப்பான அளவைத் தாண்டியிருந்தது.

இதில் பருவகாலமும் முக்கியம். ஆறு வற்றும்போது அதே கழிவு குறைந்த நீரில் கலந்து செறிவடைகிறது. மழையில் அது ஐதாகலாம். ஆனால் வெள்ளம் மலக்குழிகளையும் வாரிக்கொண்டு வருகிறது. எனவே ஒருநாள் மாதிரியை வைத்து ஓர் ஆற்றை எடைபோட முடியாது.

கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் பெறப்படுகிறது. வரட்சியில் கடல்நீர் ஆற்றில் மேலேறும் அபாயம் அங்கே உண்டு. உப்பு நாவுக்குத் தெரியும், மருந்து தெரியாது. வழமையான சுத்திகரிப்பு எல்லா மருந்துகளையும் நீக்குவதுமில்லை.

பீதியடையத் தேவையில்லை. குடிநீரில் பொதுவாகக் காணப்படும் அளவு மிகச் சொற்பம். உண்மையான ஆபத்து, ஆற்றில் சேரும் அன்டிபயோட்டிக்குகளுக்குப் பழகி, மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகுவதே. நாளை நம் பிள்ளையின் சாதாரண பக்டீரியாத் தொற்றுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

நீர் வழங்கல் சபை வரட்சியிலும் மழையிலும் தனித்தனியாகச் சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும். வைத்தியசாலைக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறக் கூடாது. நாமும் எஞ்சிய குளிசைகளை மலசலகூடத்தில் கொட்டுவதையும், வைத்தியரின் துண்டின்றி அன்டிபயோட்டிக் வாங்குவதையும் நிறுத்துவோம்.