வாளியும் இரங்கலும்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை. தம்மம்பட்டி பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் நாளிதழ் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு படம். சென்னைக்கு வடக்கே, எர்ணாவூர்க் கரையின் பாறைகளுக்கிடையில் இளைஞர்கள் வரிசையாக நின்று, கடலிலிருந்து கரிய குழம்பை வாளிகளில் அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை கருப்பு. கடையிலிருந்த எல்லோரும் அந்தப் பிள்ளைகளைப் புகழ்ந்தோம். மரச்சிற்பப் பட்டறைக்கு வேலைக்குப் போகும் வழியில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, அத்தனை பெரிய துறைமுகத்துல வாளிதானா இருந்துச்சு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், அதே எண்ணூரிலிருந்து அதே போன்ற படங்கள் மறுபடியும் வந்தபோதுதான் அது மீண்டும் நினைவில் எழுந்தது. கடல் மாசுபடும்போது பொதுமக்களாகிய நாம் ஆற்றும் எதிர்வினையைப் பற்றி இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிட நேரானது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் நிகழ்வைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2017 ஜனவரி 28 அதிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும், எண்ணெய் ஏற்றி வந்த டான் காஞ்சிபுரம் என்ற கப்பலும் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் ஏற்படவில்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கரை கருத்தது. ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்கின. கசிந்தது ஏறத்தாழ 200 டன் என்று பின்னர் அரசுத் தரப்பிலேயே மதிப்பிடப்பட்டது.

அப்போது சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒன்றுகூடினால் ஏதேனும் செய்ய முடியும் என்ற நம்பிக்கை சூடாக இருந்த நேரம். மாணவர்களும் தன்னார்வலர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையினரோடு சேர்ந்து நாட்கணக்கில் எண்ணெயை அள்ளினார்கள். அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் தேநீர்க் கடையில் இருந்தவன்.

வாளிக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கப்பல்களில் எரிபொருளாகப் பயன்படும் கனமான எண்ணெய் கடலில் விழுந்ததும் அதன் இலேசான பகுதி ஆவியாகிவிடும். எஞ்சியது அலையில் கடையப்பட்டு, நீரை உள்வாங்கி, பருத்து, களிபோல் இறுகும். நாள் தள்ளத் தள்ள உறிஞ்சு குழாய்கள் அதில் அடைத்துக்கொள்ளும். எர்ணாவூரில் அதுதான் நடந்தது. எனவே முதல் சில மணி நேரங்களே முக்கியம். மிதவைத் தடுப்புகளை இட்டு எண்ணெயைக் கடலிலேயே மறிப்பதும், கரை சேருமுன் வழித்தெடுப்பதும் அப்போதுதான் இயலும். இது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. எண்ணெய்க் கசிவுக்கான தேசியப் பேரிடர்த் திட்டம் 1996ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படையினுடையது. துறைமுகங்களும் எண்ணெய் கையாளும் நிறுவனங்களும் தத்தம் எல்லைக்குள் கருவிகளோடு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மாசு இல்லை என்று முதல் நாள் அறிக்கை விட்ட இடத்தில் முதல் சில மணி நேரங்கள் என்னவாகியிருக்கும் என்று ஊகிக்கலாம். ஆக, வாளி வந்தது கருவி பயன்படும் காலம் கடந்த பிறகு. அந்தப் படத்தில் நாம் தியாகத்தைக் கண்டோம். பெரியவர் வர வேண்டியது வரவில்லை என்பதைக் கண்டார்.

இனி இரண்டாவது நிகழ்வு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்கும் எண்ணூர்க் கடலுக்கும் போனது. கசிவு எதுவும் இல்லை, எல்லாம் வெள்ளத்தின் வேலை என்ற விளக்கம் நிறுவனத்திடமிருந்து வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ ஆலையையே சுட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஆகிய ஊர்களில் படகும் வலையும் கருத்தன. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் எண்ணெயில் மூடுண்டன. இறகில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்கள் பறக்க மாட்டாமல் நின்றன. துப்புரவு தொடங்கியபோது கழிமுகத்தில் இறங்கியவர்கள் அந்த ஊர் மீனவர்களே. கையில் மறுபடியும் வாளி, குவளை. பலருக்குக் கையுறைகூட இல்லை.

இம்முறை மெரினாவிலிருந்து கூட்டம் வரவில்லை. சென்னை தன் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை வடித்துக்கொண்டிருந்தது. வாழ்வு கெட்டவர்களே கெடுத்த பொருளையும் அள்ள வேண்டியதாயிற்று. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட பிற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று அரசு உதவி அறிவித்தது. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். எதுவும் தரவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் எண்ணூர், பழவேற்காட்டுக் கழிமுகங்களில் பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சேறுதான் படகு, அதுதான் வலை. படகைச் சீர்செய்ய ஒரு தொகை உண்டு. சேற்றைச் சீர்செய்ய என்ன தொகை, எத்தனை ஆண்டு?

நம் எதிர்வினை இந்த இடத்தில்தான் என்னை உறுத்துகிறது. இரண்டு முறையும் உள்நாட்டில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "இந்த மீனைச் சாப்பிடலாமா?" என்பதுதான். 2017இல் அந்த அச்சத்தால் கடல்மீன் விற்பனை சரிந்தது. கரையில் எண்ணெயால் அடிபட்டவரைச் சந்தையில் நாம் இன்னொரு முறை அடித்தோம். இரண்டாவதாகச் செய்தது வருந்தியது. கூழைக்கடாவின் படத்தைப் பார்த்து உண்மையாகவே வருந்தினோம். பிறகு பொங்கல் வந்தது.

நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று தொல்காப்பியம் வகுத்தது. பிரிவில் ஆற்றாது புலம்பும் தலைவியின் உணர்வு அது. இன்றைய வழக்கில் இரங்கல் என்பது செத்தவர்க்கு விடுக்கும் செய்தி. இலக்கிய வாசகர்களாகிய நமக்குக் கடல் பெரும்பாலும் இந்த உணர்வின் வழியாகவே அறிமுகமானது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' படித்தும், ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' படித்தும் கடலைப் பார்த்தறியாத எங்கள் ஊர் நண்பர்கள் அதைத் தங்களுடையதாக உணர்ந்தார்கள். நல்லதுதான். ஆனால் இரங்கும் பழக்கம் ஒரு நிறைவையும் தந்துவிடுகிறது. வருந்தியதாலேயே கடமை முடிந்தது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. வாளி ஏந்தியவரைப் புகழ்வதும் அத்தகைய நிறைவே. வெட்கப்பட வேண்டிய ஒரு படத்தைப் பெருமைப்படும் படமாக மாற்றிக்கொண்டோம். மாற்றிய கணத்தில், பதில் சொல்ல வேண்டியவர்கள் படத்துக்கு வெளியே போய்விட்டார்கள்.

மக்களின் எதிர்வினை இரங்கலோடு நின்றுவிடாத இடங்களும் உண்டு. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டோரி கேன்யன் என்ற கப்பல் தரைதட்டி, சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. அங்கும் படைவீரர்களும் தன்னார்வலர்களும் கரைக்கு ஓடினார்கள். எண்ணெயைக் கரைக்க அவர்கள் தெளித்த வேதிப்பொருள் எண்ணெயைவிடக் கூடுதலாகக் கடலுயிர்களைக் கொன்றது. நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் அந்த அதிர்ச்சி அடங்க விடப்படவில்லை. கப்பல் உரிமையாளரின் இழப்பீட்டுப் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1969இலும், கப்பல்வழி மாசைத் தடுக்கும் உடன்படிக்கை 1973இலும் பிறந்தன. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய்க்கு அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தனிச்சட்டம் வந்தது. எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை அடிச்சுவர் கட்டாயமாயிற்று.

வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென உறுதிசெய்தது. 2010இல் இயற்றப்பட்ட பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அதே கோட்பாட்டைப் பின்பற்றும்படி தீர்ப்பாயத்தைப் பணிக்கிறது. எண்ணூர் மீனவர் இன்று நீதி கேட்டு ஏறும் படிகளில் ஒன்றைக் கட்டியவர்கள் கடலே இல்லாத ஒரு மாவட்டத்துக்காரர்கள். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கடலோரம் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, அங்குள்ள மீனவர்கள் குழாயை அடைத்தால் போதாது, அதை அடியோடு அகற்ற வேண்டும் என்று போராடினார்கள். கொட்டியதை அள்ளுவதோடு, கொட்டுவதற்கான காரணத்தையும் கேட்டார்கள். நான் சொல்ல வரும் வேறுபாடு இதுதான்.

இதில் தம்மம்பட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடல் எங்களுக்கு நேர்கோட்டில் அளந்தாலும் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் கொல்லிமலையில் பிறந்து எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் சுவேத நதி வசிட்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான். முதல் வெள்ளம் வரும்போது மணலில் சேர்ந்த அனைத்தையும் வாரிக்கொண்டு போகும். வண்டி பழுதுபார்க்கும் பட்டறைகளில் வடித்த பழைய என்ஜின் எண்ணெய் சாக்கடையில் ஊற்றப்படுவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வட அமெரிக்கக் கடல்களில் மனிதரால் சேரும் எண்ணெயில் மிகுதியானது நிலத்திலிருந்து வழிந்தோடுவதே என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. எண்ணூரில் 2023இல் வந்ததும் கப்பலிலிருந்து வந்த எண்ணெயன்று. நிலத்திலிருந்து வெள்ளம் கொண்டுபோனது.

இப்படிச் சொல்வதில் ஓர் ஆபத்து இருப்பதை அறிவேன். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் எவருமே குற்றவாளியில்லை என்றாகிவிடும். பெரிய நிறுவனங்கள் விரும்பும் வாதமும் அதுவே. பட்டறைக்காரர் ஊற்றும் ஒரு லிட்டரும், 1969 முதல் இயங்கும் ஒரு சுத்திகரிப்பு ஆலை மழைக்காலத்துக்குத் தன் வளாகத்தை ஆயத்தமாக வைக்காததும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. அளவும் வேறு, அறிந்திருக்க வேண்டிய கடமையும் வேறு. நான் சொல்வது பங்கு உடையவர்கள் என்பதால் நமக்குக் கேட்கும் உரிமையும் உண்டு என்பது. மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரை வரை பெட்ரோலும் டீசலும் குழாயில் ஓடுகின்றன. எங்கள் ஊர்ப் பேருந்தின் தொட்டியில் அந்த ஆலையின் எண்ணெய் ஒரு நாளேனும் இருந்திருக்கும். பொருளின் பயன் உள்நாடு வரை வரும்போது, அதன் கணக்கு மட்டும் எண்ணூர்க் குப்பங்களோடு நின்றுவிடுவது எந்த நியாயம்?

ஆகவே நண்பர்களிடம் வேண்டுவது மூன்று. பழைய எண்ணெயைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அது எங்கே போகிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். எண்ணூர் பற்றிய தீர்ப்பாய ஆணைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. அவற்றில் செய்யச் சொன்னது எது, செய்யப்பட்டது எது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் கேட்கலாம். அதற்குக் கடற்கரையில் வீடு இருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, எந்தத் துறைமுகத்தில் எத்தனை மீட்டர் மிதவைத் தடுப்பு இன்று ஆயத்தமாக இருக்கிறது என்று கசிவு நடக்காத நாளில் கேட்பது. கசிவு நடந்த நாளில் கேட்டுப் பயனில்லை.

தேநீர்க் கடைப் பெரியவர் இப்போதும் பட்டறைக்குப் போகிறார். சென்ற மாதம் பார்த்தபோது மச்சாவதாரப் பலகை ஒன்றில் செதில்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார். எண்ணூரில் மறுபடியும் அப்படி நடந்ததைச் சொன்னேன். உளியை நிறுத்தாமல், "இப்பவும் வாளிதானுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.