உட்கார்ந்த இடத்தில் வருமானம் வருமா?

மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் விவசாயிக்கு இரண்டாவது வருமானம் என்பது புதிய சங்கதி அல்ல. விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் காட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் விதைக்கும் குடும்பங்களில் ஒருவராவது பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போவது வழக்கம். வீட்டில் இரண்டு வெள்ளாடு, ஒரு கறவை மாடு இருக்கும். முன்பெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே தீப்பெட்டி ஒட்டும் வேலையும் நடந்தது. ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே கணக்கு. பருத்திக்கு இடையில் உளுந்தை ஊடுபயிராகப் போடுவதும் இதே கணக்கில்தான்.

விவசாயியின் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே இப்போது சிலர் செல்போன் வழியாகக் கிராமத்துக்குள் வருகிறார்கள். "ஒரு வருமானத்தை நம்பாதீர்கள், வீட்டில் இருந்தபடியே நாலு வழியில் பணம் வரும், தூங்கும்போதும் வரும்" என்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டிலும், தீபாவளி முடிந்து ஆலை வேலை குறைந்த மாதங்களிலும் இந்தப் பேச்சு இனிப்பாகவே இருக்கும். ஆனால் விதை வாங்கும்போது முளைப்புத் திறனைப் பார்த்து வாங்கும் விவசாயி, இதையும் சோதித்துப் பார்த்த பின்பே கைவைக்க வேண்டும்.

நாலு வழி எவை?

முதலாவது, விற்பனைக் கமிஷன். ஒரு பெரிய இணையக் கடையின் பொருளைத் தெரிந்தவர்களுக்குச் சிபாரிசு செய்து, அந்தச் சிபாரிசின் பேரில் ஒருவர் வாங்கினால் சிறு தொகை கிடைக்கும். தரகு என்று நாம் சொல்வதுதான் இது. இரண்டாவது, சரக்கைக் கையில் வைக்காமலே நடத்தும் வியாபாரம். வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி, மொத்த வியாபாரியிடமிருந்து பொருளை நேராக அவருக்கு அனுப்ப வைப்பது. மூன்றாவது, படமோ வீடியோவோ எடுத்துப் போட்டு, அதற்கு நடுவே வரும் விளம்பரத்தில் பங்கு பெறுவது. நான்காவது, தன் சொந்த விளைபொருளை இணையம் வழியாக நேரடியாக விற்பது.

இந்த நான்கும் உண்மையான தொழில்களே. இவற்றால் பிழைப்பவர்கள் உண்டு. ஆனால் நான்கில் எதுவும் உட்கார்ந்த இடத்தில் தானாக வருவது இல்லை. தரகனுக்கு ஊர் முழுக்கப் பழக்கம் வேண்டும். சரக்கு வைக்காத வியாபாரிக்கு, பொருள் உடைந்து போனால் வசவும் நஷ்டமும் உண்டு. வீடியோ போடுகிறவருக்கு வாரம் தவறாமல் உழைப்பு வேண்டும். யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். அத்துடன் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குறு வீடியோக்களை ஒரு கோடி முறை பார்த்திருக்க வேண்டும். இதற்கு யூடியூப் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018ஆம் ஆண்டு 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற பெயரில் சமையல் வீடியோக்களைப் போடத் தொடங்கினார்கள். 2021இல் அவர்களுக்கு ஒரு கோடி சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். வெட்டவெளியில் விறகு அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சமைத்து, ஊராருக்குப் பரிமாறிய உழைப்பு அது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "சும்மா சமைத்தே சம்பாதிக்கிறார்கள்" என்று சொல்வது, அறுவடை நாளன்று மட்டும் வயலைப் பார்த்துவிட்டு விவசாயம் சுலபம் என்று சொல்வதற்குச் சமம்.

சிவகாசி காலண்டர் சொல்லும் பாடம்

ஐந்தாவதாக ஒரு வழியும் சொல்லப்படுகிறது. அதுதான் ஆபத்தானது. "விளம்பரத்தைப் பார்த்தாலே பணம், அதற்கு முதலில் உறுப்பினர் கட்டணம் கட்டுங்கள்" என்பது அந்த வழி.

விளம்பரத்தில் எப்படிக் காசு வருகிறது என்பதை சிவகாசி வட்டாரத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது காலண்டர் ஆல்பங்கள் சிவகாசியில் வெளியாகின்றன. ஜவுளிக்கடைக்காரரும் உரக்கடைக்காரரும் தங்கள் கடைப் பெயரை அச்சிடப் பணம் கொடுக்கிறார்கள். அச்சகத்தாருக்கும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அந்தப் பணம் போகிறது. காலண்டரைச் சுவரில் மாட்டித் தினமும் பார்க்கிறவருக்கு யாராவது காசு கொடுத்தது உண்டா? ஒரு காலண்டர் இனாமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அதைப் பார்ப்பதற்கு முன்பணம் கட்டச் சொல்லி எந்தக் கடைக்காரரும் கேட்டதும் இல்லை.

ஆகவே, விளம்பரம் பார்க்கிறவருக்குப் பணம் தருகிறோம் என்றும், அதற்கு அவரே முதலில் பணம் கட்ட வேண்டும் என்றும் ஒருவர் சொன்னால், அவர் தருவது விளம்பரக் காசுதானா என்று கேட்க வேண்டும். ஒருவர் 1,000 ரூபாய் கட்டி, தினம் 10 ரூபாய் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 நாளில் அவர் கட்டிய பணம் அவருக்கே திரும்பி வந்துவிடுகிறது. 101ஆம் நாள் வருவது யாருடைய பணம்? அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டிய பணமாகவே அது இருக்க முடியும்.

அதனால்தான் இத்தகைய திட்டங்களில் "ஆள் சேருங்கள்" என்ற வற்புறுத்தல் இருக்கிறது. ஒருவர் பத்துப் பேரையும், அவர்கள் ஒவ்வொருவரும் பத்துப் பேரையும் சேர்த்துக்கொண்டு போனால், ஐந்தாம் படியில் ஒரு லட்சம் பேர். ஆறாம் படியில் 10 லட்சம் பேர். ஏழாம் படியில் ஒரு கோடிப் பேர் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 19 லட்சத்துக்குச் சற்று அதிகம். தொட்டில் குழந்தையைச் சேர்த்தாலும் ஏழாம் படிக்கு ஆள் கிடையாது. கடைசிப் படியில் நிற்பவர்கள்தான் எப்போதும் அதிகம். நஷ்டமும் அவர்களுக்கே.

2024 ஜனவரியில், விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொல்லிச் செயல்பட்ட கோவை மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். அதைக் கண்டித்து அந்த நிறுவனத்தின் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் நீலாம்பூரில் திரண்டார்கள். வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களைவிட, வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பவர்களே அதிகம் என்பதை அந்தக் கூட்டம் காட்டியது.

தேக்கும் ஈமுவும்

இது செல்போனோடு பிறந்த வியாதி அல்ல. 1990களில் தேக்குக் கன்று ஒன்றுக்குப் பணம் கட்டினால் இருபது ஆண்டில் லட்சங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். 1998இல் சென்னை அனுபவ் நிறுவனம் சரிந்தபோது பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். பிறகு ஈமு கோழி வந்தது. குஞ்சும் தீவனமும் கொடுத்து, மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் தருவதாகச் சொன்ன பெருந்துறை நிறுவனங்கள் 2012இல் கைவிரித்தன. பறவைகள் தீவனம் இன்றிப் பட்டியிலேயே நின்றன. அந்தக் கறிக்கும் முட்டைக்கும் சந்தை இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கவில்லை. அன்று மரத்தையும் பறவையையும் காட்டியவர்கள் இன்று செல்போனைக் காட்டுகிறார்கள். கையில் பொருள் கொடுத்து வாங்க ஆள் இல்லாத இடத்தில் லாபம் பேசுவது மட்டும் மாறவில்லை.

பட்டாசை இணையத்தில் விற்கலாமா?

சிவகாசி வட்டாரத்து இளைஞர்களுக்கு இன்னொரு ஆசையும் காட்டப்படுகிறது. "ஊரிலேயே பட்டாசு இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குச் செல்போனில் ஆர்டர் பிடித்து அனுப்பினால் போதும்" என்கிறார்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசுக்கு ஆர்டர் பெறக் கூடாது என்று தடை விதித்தது. பட்டாசு விற்க உரிமம் வேண்டும். சாதாரணப் பார்சலில் அதை அனுப்புவதும் குற்றம். தீபாவளி நெருங்கும்போது சிவகாசி முகவரியைப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு மறையும் போலிக் கடைகளும் இணையத்தில் முளைக்கின்றன. இதனால் கெடுவது ஊரின் நல்ல பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் ஆலைக் கூலியும் அதை நம்பிய விவசாயக் குடும்பமும் இருக்கின்றன.

இதைவிட மோசமானது வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. "உங்கள் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்" என்று கேட்கிறார்கள். வருவது எங்கோ ஒருவர் ஏமாந்த பணம். போலீசார் கணக்கை முடக்கும்போது, பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாயும் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் அதே கணக்கில் மாட்டிக்கொள்ளும். வழக்கும் கணக்கு வைத்திருப்பவர் மேல்தான் வரும்.

விவசாயிக்குப் பொருந்தும் வழி

அப்படியானால் செல்போனை விலக்கி வைக்க வேண்டுமா? தேவையில்லை. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, இடைத்தரகர் இல்லாமல் விவசாயி தன் காய்கறியைத் தானே விற்க வழி பிறந்தது. செல்போனை எல்லை இல்லாத ஓர் உழவர் சந்தையாக நினைத்தால், அது விவசாயிக்கு உதவும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது அது வெளி மாநிலங்களுக்கும் பார்சலில் போகிறது. அதற்குப் பின்னால் மாடு வைத்திருப்பவரும், பால் கூட்டுறவுச் சங்கமும், விறகு அடுப்பின் முன் நின்று கிண்டுகிறவரும் இருக்கிறார்கள். குதிரைவாலி அரிசி, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், மிளகாய் வற்றல், உளுந்து, ராஜபாளையம் மாம்பழம் என்று இந்த மாவட்டத்தில் பெயர் சொல்லி விற்கக்கூடிய பொருள்கள் பல. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து விலை பேசிய வியாபாரிகள் தமிழ்நாடு முழுவதும் உண்டு. அந்த நாணயம் இந்த மண்ணின் முதலீடு.

தொடங்க விரும்புகிறவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது:

1. ஒரே பொருளில், ஒரே பருவத்துக்குத் தொடங்க வேண்டும். முதலில் தெரிந்த இருபது குடும்பங்களுக்கு விற்றுப் பார்க்கலாம். அவர்கள் மறுமுறை கேட்டால்தான் பெருக்க வேண்டும்.

2. பார்சல் கூலி, பை, சேதாரம், சொந்த உழைப்புக்கான கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, மார்க்கெட்டில் மொத்தமாகப் போட்டால் கிடைக்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். கூடுதல் மிஞ்சாவிட்டால் மொத்த விற்பனையே மேல்.

3. எண்ணெய், பொடி, அரிசி போலப் பக்குவம் செய்த உணவுப் பொருளை விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம்.

4. தனியாகச் செய்வதைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அல்லது மகளிர் சுய உதவிக் குழு மூலம் செய்தால் தரமும் அளவும் ஒரே சீராக இருக்கும்.

5. வேலை கொடுப்பதற்கு முன் பணம் கேட்கிறவர் எவராயினும், அவர் சொந்தக்காரரே ஆனாலும், அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆள் சேர்த்தால் பணம் என்னும் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் இதையே சொல்கின்றன.

6. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு.

அரசு செய்ய வேண்டியது

விவசாயியைக் குறை சொல்லி மட்டும் பயன் இல்லை. விதை நேர்த்தி செய்யவும் ஊடுபயிர் போடவும் சொல்லிக்கொடுக்க ஆள் வருகிறது. ஆனால் செல்போனில் பொருளை விற்கச் சொல்லிக்கொடுக்க ஆலோசகர் என்ற பெயரில் மோசடிப் பேர்வழிகளே முதலில் வந்து சேர்கிறார்கள். அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும், கூட்டுறவுச் சங்கங்களும் இணைய விற்பனையை ஒரு பயிற்சியாகவே கிராமம்தோறும் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் சைபர் குற்றப்பிரிவு அதிகாரி ஒருவர் அரை மணி நேரம் பேசினால் பல குடும்பங்கள் தப்பும்.

கரிசல் காட்டு விவசாயி உழைப்புக்கு அஞ்சியவர் அல்ல. அவருக்கு வேண்டியது தன் உழைப்புக்கு நல்ல விலை. அந்த விலையைத் தேடித் தரும் அளவுக்கு மட்டும் செல்போனை நம்பலாம். உழைப்பே வேண்டாம் என்று அது சொல்லும்போது, நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன்பாக, இந்தப் பணம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது.