இவன் யாரு?

எல்டன் ரிங் என்ற வீடியோ விளையாட்டு வெளிவந்த 2022இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் ஆடிக்கொண்டிருந்தபோது தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு பொன்மரம். "அண்ணா, இது என்ன மரம்?" என்று கேட்டாள். அதற்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். மரிகா அரசி, அவள் உடைத்த வளையம், இருட்டில் கொல்லப்பட்ட காட்வின், பங்காளிச் சண்டையில் நாடு பாழானது, எல்லாவற்றையும் கொட்டினேன். "சரிண்ணா" என்று எழுந்து போனவள் ஒரு வருடம் அந்தப் பக்கம் வரவில்லை. தப்பு என்னுடையது.

அந்த விளையாட்டின் பெயர்களையே பாருங்கள். மரிகா, மலேனியா, மிக்கெல்லா, மெலினா, மோக், மார்காட். அந்தப் பக்கம் ரடகான், ரடான், ரைக்கார்ட், ரன்னி, ரென்னாலா. நூறு மணி நேரம் ஆடியவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். புதிதாக வருகிறவர் காதில் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். இந்த உலகின் ஆதிப் புராணத்தை எழுதிக்கொடுத்தவர் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அதைச் சில்லுச் சில்லாக்கி, வாளுக்கும் மோதிரத்துக்கும் கவசத்துக்கும் எழுதிய சிறு குறிப்புகளில் ஒளித்துவைத்தது இயக்குநர் ஹிடேடாகா மியாசாகியின் பாணி. சின்ன வயதில் பாதி புரியாத ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்து, விளங்காத இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் அது உள்ளே வந்து குடியேறியவரின் சுகம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பவருக்கு அது எட்டாது.

அவருக்கு என்ன வேண்டும் என்பதை நான் ஃபைனல் ஃபேண்டசி 16 பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். 2023 ஜூனில் வந்தது. தங்கை தானே ஆடுகிறேன் என்றாள். வலிஸ்தியா என்ற அந்த உலகில் ராஜ்ஜியங்கள் பல, மந்திரப் படிகமலைகள், கன்னத்தில் குறியிடப்பட்டு அடிமையாக உழைக்கும் மக்கள், உடலுக்குள் பெருந்தெய்வத்தைச் சுமக்கும் சிலர். குழப்பத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் காட்சியிலும் கன்ட்ரோலரின் நடுவிலுள்ள தொடுபலகையை அழுத்திப் பிடித்தால் கதை அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள், அவர்கள் இருக்கும் ஊர், அவர்கள் வாயில் அடிபடும் சொற்கள், இவை மட்டும் சின்னச் சின்ன அட்டைகளாக வரும். ஒவ்வொன்றிலும் நாலைந்து வரி. கதை நகர நகர அட்டையில் உள்ளதும் மாறும். இன்னும் நடக்காததை அது உளறாது. மந்திராலோசனைக் காட்சியில் யாரோ ஒரு நாட்டின் பெயரைச் சொன்னதும் அவள் அழுத்தினாள், படித்தாள், விட்டாள், கதை தொடர்ந்தது. நான் வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை.

தெருக்கூத்தில் இந்த வேலையைக் கட்டியக்காரன் பார்க்கிறான். வேடம் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும், நீ யார், எந்த நாடு என்று சபைக்காகக் கேட்கிறான். நடுச்சாமத்தில் வந்து உட்கார்ந்தவருக்கும் வந்திருப்பது யாரென்று தெரிந்துவிடுகிறது. அதற்காக ஆதிபர்வத்திலிருந்து யாரும் ஒப்பிப்பதில்லை.

2002இல் வந்த மாரோவிண்ட் என்ற விளையாட்டு வேறு வழியில் போனது. எனக்கு இன்றும் மிகப் பிடித்த வழி அது. நாம் ஒரு கைதியாகக் கப்பலில் வந்து செய்டா நீன் என்ற சேற்றுக் கரையோர ஊரில் இறங்குகிறோம். ஊரார் நம்மை வெளியூரான் என்றே அழைக்கிறார்கள். பால்மோரா நகரில் நாம் போய்ப் பார்க்க வேண்டிய ஒற்றர் தலைவன் நம் கையில் 200 காசு கொடுத்து, போய் முதலில் ஒரு வேலை தேடிக்கொள், ஊர் பழகு என்று அனுப்புகிறான். அப்புறம்தான் இன்னாரிடம் போய் இதைக் கேட்டு வா என்று ஒவ்வொருவராகக் காட்டுகிறான். ஆடுகிறவருக்குத் தெரியாதது கதாபாத்திரத்துக்கும் தெரியாது. அதனால் கேள்வி கேட்பதில் கூச்சமே வராது. அலமாரிகளில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் கிடக்கும். வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம்.

2015இல் வந்த விட்சர் 3இல் கதாநாயகன் கெரால்டுக்கு உலகம் முழுக்கத் தெரியும், நமக்கு ஒன்றும் தெரியாது. முந்தைய நாவல்களும் இரண்டு விளையாட்டுகளும் முதுகில் ஏறியிருக்கும் சுமை வேறு. ஆனாலும் கதை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. மகளாக வளர்த்த சிரி எங்கே என்று ஒருவன் தேடி அலைகிறான். அது புரிய எந்த வரைபடமும் வேண்டாம். அவன் போகிற வழியில் அரசர்களும் போர்களும் தானாக அறிமுகமாகிறார்கள். தடித்த கலைக்களஞ்சியத்தை மெனுவுக்குள் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் விளையாட்டுகளில் எனக்கு மரியாதை இல்லை. அதைத் திறப்பவர் ஏற்கெனவே காதலில் விழுந்தவர்.

இவற்றில் எதையும் தமிழில் ஆட முடியாது. எல்டன் ரிங்கின் பழங்கால ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்களையே தடுக்கிறது. அதனால் நம் வீடுகளில் கட்டியக்காரன் வேலை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கோ தோழிக்கோ வந்து சேர்கிறது. அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஜனவரியில் தங்கை எல்டன் ரிங்கைத் தானே தொடங்கினாள். முதல் பத்து மணி நேரம், கேட்டால் ஒழிய நான் பேசவில்லை. "இவன் யாரு?" என்றால், "இந்தக் கோட்டை இவனுடையது, உன்னை உள்ளே விடமாட்டான்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவனுடைய மூதாதையின் பெயர் என் நுனிநாக்கில் இருந்தது. போன வாரம் அவளே விளையாட்டை நிறுத்திவிட்டு, "இந்த மரிகா ஏன் அந்த வளையத்தை உடைச்சா?" என்று கேட்டாள். இரவு பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.