தாழ்ந்துபோன மைதானங்கள்

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம், வழியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் மைதானத்தை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். சென்ற முறை பார்த்தபோது, மழை ஓய்ந்து இரு வாரங்கள் கடந்திருந்தும் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தொடக்கத்தில் அது பள்ளமான இடமன்று. சாலையை உயர்த்தினார்கள்; சுற்றியுள்ள மனைப்பிரிவுகளையும் கிடங்குகளையும் மண் கொட்டி மேடாக்கினார்கள். பள்ளி மட்டும் இருந்த மட்டத்திலேயே இருந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத் தடம் 1990-இலேயே அமைந்தது. 1996-இல் அங்கே ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஒரகடத்தில் ஓடுதளங்கள் உள்ளன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகத்தை ரூ.706.50 கோடியில் சிப்காட் கட்டியெழுப்பி, 2024-இல் திறந்தது. அது தேவையான பணி. அதில் குறை காண நான் முற்படவில்லை. நினைத்தால் அரசால் இடமும் பணமும் காண முடியும் என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஆனால், எவ்வளவு பரப்பு என்பதை அது சொல்லவில்லை. ஹரியாணா பள்ளி ஒன்றின் மைதான ஆக்கிரமிப்பு தொடர்பான வழக்கில், மைதானமின்றிப் பள்ளி இருக்க முடியாது என்று 2023-இல் உச்சநீதிமன்றம் கண்டிப்புடன் கூறியது. எனினும், வெளியார் ஆக்கிரமிப்பைக் காட்டிலும் மெல்ல நிகழும் ஓர் இழப்பையே நான் இப்பகுதியில் அதிகம் காண்கிறேன். ஆலைகளால் குடியேற்றம் பெருகுகிறது, மாணவர் சேர்க்கை கூடுகிறது. கூடுதல் வகுப்பறை, கழிப்பறை, உணவுக் கூடம், தண்ணீர்த் தொட்டி என ஒவ்வொன்றும் மைதானத்தின் ஒரு மூலையில் எழும்புகிறது. ஒவ்வொன்றும் நற்பணி என்பதால் எவரும் ஆட்சேபிப்பதில்லை. பத்தாண்டுகளில் மீதமாவது வரிசையில் நின்று வழிபாடு நடத்தும் அளவுக்கான இடமே.

நிறுவனங்களிடம் பணம் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றும், தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. கல்வி, விளையாட்டுப் பயிற்சி இரண்டுமே அதன் பட்டியலில் உண்டு. ஆயினும், தொடர் திட்டம் என்றாலும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுகளே அதன் ஆயுள். மைதானமோ ஆண்டுதோறும் பராமரிப்பு கேட்பது. திறன் வகுப்பறைக்கும் வண்ணம் பூசிய சுவருக்கும் திறப்பு விழா நடத்தலாம். வடிகால் வெட்டியதற்கு யார் நாடா கத்தரிப்பார்கள்?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுக்கென ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ரூ.25,000 ஒதுக்கப்படுகிறது. பந்தும் வலையும் வாங்கலாம்; நிலத்தை மேடாக்க முடியாது. 2024-இல் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட கலைஞர் விளையாட்டுத் தொகுப்புக்கும் இதே நிலைதான்: மட்டையும் பந்தும் வந்துவிட்டன, ஆடுகளம் வரவில்லை.

நிலம் கிடைக்க வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். இப்பகுதியில் அப்படி ஒப்படைக்கப்பட்ட துண்டு நிலங்கள் பலவற்றில் சீமைக் கருவேலம் வளர்ந்திருக்கிறது. பள்ளிக்கு அருகே மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது, அந்த 10 சதவீதத்தைப் பள்ளிச் சுவரை ஒட்டியே ஒதுக்கச் சொன்னால் அரசுக்கு ஆகும் கூடுதல் செலவு என்ன?

பராமரிப்புதான் கடினம். மாலையில் மைதானத்தை ஊருக்குத் திறந்துவிடலாமே என்று ஒரு தலைமையாசிரியரிடம் கேட்டேன். காலையில் உடைந்த மதுப்புட்டிகளை யார் பொறுக்குவது என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளிக் கல்விக்கு இடையூறின்றிப் பள்ளிகளின் விளையாட்டு வசதிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட முயல வேண்டும் என்கிறது ஜப்பானின் 2011-ஆம் ஆண்டு விளையாட்டு அடிப்படைச் சட்டம். யமஹா, கோமாட்சு போன்ற ஜப்பானிய நிறுவனங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மாலை நேரக் காவலர் ஒருவருக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவருக்கும் சம்பளம் தருவது அத்தகைய ஆலைகளுக்குப் பெரிய சுமையாகாது. ஒரு நிறுவனத்தின் திட்டம் முடியும்போது அடுத்தது பொறுப்பேற்கும்படி ஊராட்சியும் மாவட்ட நிர்வாகமும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

நான் குறிப்பிட்ட பள்ளியில் தண்ணீர் வற்றிய பிறகு கபடி ஆடிய பிள்ளைகளில் ஒடிஸாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் மகனும் இருந்தான். வகுப்பில் வாய் திறவாதவன் என்றார் ஆசிரியர். களத்தில் அவன் தமிழில்தான் சண்டையிட்டுக்கொண்டிருந்தான்.

பருவமழை அக்டோபரில் மீண்டும் வரும். மைதானத்தின் சர்வே எண், நீள அகலம், சாலை மட்டத்துக்கும் அதற்குமான உயர வேறுபாடு ஆகியவற்றை அளந்து, அதற்குள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக ஊராட்சிக்கும் சிப்காட்டுக்கும் அனுப்பலாம். அதற்கு வேண்டியது ஓர் அளவுநாடாவும் ஒரு பிற்பகலும்தான்.