சிறகும் கணக்கும்

விமானம் ஓட்டக் கற்ற இளைஞர் ஒருவர், மாதச் சம்பளத்தை நாடாமல், சொந்தமாக ஒரு சிறு விமானம் வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என எண்ணுவது இயல்பே. வாடகைக் கார் ஓட்டுபவர் தமக்கென ஒரு வண்டி வேண்டுமென விழைவதைப் போன்றதே அது. ஆயினும், பறக்கும் திறமை வேறு; அதைக் கொண்டு ஒரு தொழிலை நிலைநிறுத்தும் திறமை வேறு. கனடா நாட்டு விமானி மாக்ஸ் வார்டு அவர்களின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1921-ஆம் ஆண்டில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது கனடா விமானப் படையில் பறக்கும் பயிற்சி அளித்தவர். 1946-இல், நாட்டின் வடபகுதியில் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையிலுள்ள எல்லோநைஃப் என்னும் ஊரில் வாடகை விமானத் தொழிலைத் தொடங்கினார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு 'ஃபாக்ஸ் மாத்' விமானம். ஈரடுக்குச் சிறகும் ஒற்றை எஞ்சினும் உடைய அதில் மூன்று நான்கு பயணிகளே அமரலாம். தங்கம் தேடுவோர் அப்பகுதியில் திரண்டிருந்தனர். காட்டுக்குள் செல்லச் சாலைகள் இல்லை. எனவே, பயணிகளுக்குக் குறைவிருக்கவில்லை.

அப்படியிருந்தும் இன்னல்கள் சூழ்ந்தன. முதலாவது, உரிமம். விமானம் ஓட்டும் உரிமம் ஒன்று. வாடகைக்கு ஆள் ஏற்றும் தொழில் உரிமம் மற்றொன்று. இரண்டாவது அவரிடம் இல்லாமையால், அதைப் பெற்றிருந்த வேறொருவரோடு அவர் கூட்டுச் சேர நேர்ந்தது.

அடுத்தது, பருவம். அங்கே கோடையில் மிதவைகளைப் பூட்டி ஏரிநீரிலும், குளிர்காலத்தில் சறுக்குப் பலகைகளைப் பூட்டிப் பனிக்கட்டியின் மீதும் விமானங்கள் இறங்கும். ஆனால், ஏரி உறையும் வாரங்களிலும் உருகும் வாரங்களிலும் இரண்டுமே உதவா. வருவாய் நின்றாலும் கடனுக்கான வட்டி நிற்பதில்லை.

மூன்றாவது, எந்நாட்டிலும் இத்தொழிலைத் தொடரும் கணக்கு. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஒருவரை ஏற்றிச் சென்றால், திரும்பும் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் வெறுமையாகவே பறக்க வேண்டும். ஆகவே, நான்கு மணி நேரச் செலவை அந்த ஒரு கட்டணமே ஈடு செய்தாக வேண்டும். எஞ்சினைக் குறித்த மணி நேரம் ஓடியபின் முற்றிலும் பிரித்துச் செப்பனிட வேண்டியிருப்பதால், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்தல் இன்றியமையாதது. அதைக் கையிருப்பு என நினைத்துச் செலவழித்தவர் செப்பனிடும் நாளில் திகைத்து நிற்பார்.

வார்டு 1949-இல் கூட்டிலிருந்து விலகினார்; வீடு கட்டும் தொழிலிலும் சில காலம் ஈடுபட்டார். கனவை மட்டும் கைவிடவில்லை. 1953-இல் தம் பெயரிலேயே உரிமம் பெற்று, மிகுந்த சுமை தாங்கும் 'ஆட்டர்' விமானம் ஒன்றுடன் 'வார்டேர்' நிறுவனத்தைத் தொடங்கினார். இம்முறை தொழில் வேரூன்றியது. 1966-இல் போயிங் 727 ஜெட் விமானமும் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில், வாடகைப் பயணங்களை விட்டுக் கால அட்டவணைச் சேவையில் பெரு நிறுவனங்களோடு போட்டியிட்டபோது கடன் பெருகிற்று. 1989-இல் நிறுவனம் கைமாறியது. வார்டு 2020-இல் மறைந்தார்.

விமானியே முதலாளியாகவும் இருப்பதில் மற்றோர் ஆபத்து உண்டு. வானிலை கெட்டிருக்கும்போது, "இன்று பறக்க வேண்டாம்" என்று விமானியின் அறிவு சொல்லும். "நாளை தவணை கட்ட வேண்டும்" என்று முதலாளியின் கவலை சொல்லும். இரண்டும் ஒரே நெஞ்சில் வாதிடும்போது கவலை வென்றுவிட்டால், பணயமாவது பயணிகளின் உயிர்.

ஆதலின், பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய ஆவலோடு வந்தால் எள்ளி நகையாடாதீர்கள்; வீட்டுப் பத்திரத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். "தொழில் உரிமம் கிடைக்குமா? பறக்க இயலாத மாதங்களில் தவணையை எதைக்கொண்டு கட்டுவாய்? வந்த வாடகையை மறுத்து வீட்டில் இருக்கும் அளவுக்குக் கையில் பணம் இருக்குமா?" என்று அமைதியாகக் கேளுங்கள். மூன்றாம் கேள்விக்குத் தயக்கமின்றி விடை வந்தால், அதன்பின் மற்றவற்றைப் பேசலாம்.