மாலை மட்டும் போதுமா?



தலைவர் ஊருக்கு வருகிறார் என்றால் கொடி கட்டுகிறோம், தொண்டை கட்டும்வரை முழங்குகிறோம். அரை நிமிடம் அவர் அருகே நின்றுவிட்டால் கைபேசியில் ஒரு படம்! பேரன் காலம் வரை அதுவே பேச்சு. நல்லது. ஆனால், அந்த அரை நிமிடத்தில் நாம் அவரிடம் கேட்டது என்ன?

1927-இல் காந்தியார் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். வருணாசிரமத்தை ஆதரித்து அவர் சொன்ன கருத்து, காரைக்குடியை அடுத்த சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஓர் இளைஞரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வயது இருபது. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்தவர். சும்மா இருப்பாரா? மறுத்துக் காந்தியாருக்கே கடிதம் எழுதினார். அவர்தான் பூதப்பாண்டி தந்த ஜீவா!

காந்தியார் கோபித்தாரா? இல்லை. சிராவயலுக்கே வந்தார். உமக்குச் சொத்து எவ்வளவு என்று கேட்டாராம். இந்தியாதான் என் சொத்து என்றாராம் ஜீவா. இல்லை, நீர்தான் இந்தியாவின் சொத்து என்றாராம் காந்தியார்.

சில நிமிடச் சந்திப்பு. நாடே வணங்கியவர் சூட்டிய பட்டம். அதைக் காட்டியே ஆயுள் முழுதும் பிழைத்திருக்கலாம். ஜீவா பிழைத்தாரா? பாராட்டைப் பெற்றார்; ஆனால் அதற்கு விலையாகத் தம் கேள்வியைக் கொடுத்துவிடவில்லை. சுயமரியாதை இயக்கத்தில் உழைத்தார், பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தார், சிறை கண்டார். 1937-இல் 'ஜனசக்தி' பிறந்தது. 1952-இல் வண்ணாரப்பேட்டை மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். அதன் பிறகும் தாம்பரத்துக் குடிசையில்தான் வாழ்ந்தார். 1963-இல் மறைந்தபோது அவர் விட்டுச் சென்றது பணமல்ல, பாதை.

கேள்வி கேட்டால் கட்டுப்பாடு குலையும் என்பார் சிலர். அப்படியா? கட்டுப்பாடு என்பது கூடிப் பேசி முடிவெடுத்தபின் ஒன்றாய் நடப்பது. பேசுமுன்பே வாயை மூடிக்கொள்வது கட்டுப்பாடல்ல, அச்சம். கேட்கும் தொண்டன் கட்சிக்குப் பகைவன் அல்லன். கேள்வியை மதித்து வரும் தலைவனும் சிறுத்துப் போவதில்லை. சிராவயல் காட்டுவது இந்த இரண்டையும்தான்.

ஒப்பந்தக் கூலியாய் ஆண்டுக்கணக்கில் தேயும் தோழனுக்கு நிரந்தர வேலை எப்போது? நம் தெருக் கிளைக் கூட்டத்தில் இளைஞரும் பெண்களும் ஏன் குறைவு? இவற்றைத் தலைவரிடம் நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்? மரியாதையோடு கேளுங்கள், அஞ்சாமல் கேளுங்கள். விடை வந்ததும் தோளோடு தோள் நின்று உழையுங்கள். ஜீவாவின் வழி அதுவே!